சீசரை இடுப்புல கட்டிக்கிட்டு ஓடுன கதை

காலைல எந்திரிச்சு, நாயைக் கூட்டிக்கிட்டு, குடமுருட்டி ஆத்துக் கரை வரைக்கும் ஓடிட்டு வரணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான்.

ஓடணும்னு எனக்கு ஆசையெல்லாம் கிடையாதுங்க. பாபநாசத்துல கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கேன். பட்டா, சிட்டான்னு வர்றவங்களுக்கு உக்காந்த இடத்துலேருந்தே எடுத்துக் குடுக்குற ஆளு. பிரிண்டர்ல பேப்பர் தீந்துபோனாக்கூட நாற்காலியை உருட்டிக்கிட்டேதான் போவேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, "சுகர் உங்க வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்குது. ஓடுங்க, நடங்க, எதையாவது பண்ணுங்க"ன்னுட்டாரு.

வீட்டுக்காரம்மா ஸ்டெல்லாதான் வழி சொன்னா. "தனியாப் போனா போரடிக்குதும்பீங்க. சீசரைக் கூட்டிட்டுப் போங்க. அதுவும் உங்களை மாதிரியே ஊதிக்கிட்டு வருது."

சீசர் எங்க நாய். செவலை நிறம். சாதா நாட்டு நாய்தான், பேரு மட்டும்தான் பெருசு. அதுக்கும் டயட்டுன்னு கொஞ்ச நாளா வெறும் மோர் சோறுதான் வெச்சுக்கிட்டு இருந்தோம். ஆனா அது வாரா வாரம் ஒரு சுத்து பெருத்துக்கிட்டே போச்சு. "தைராய்டா இருக்குமோ?"ன்னுகூட ஸ்டெல்லாகிட்ட கேட்டேன். அவ என் வயித்தைத்தான் பாத்தா.

களத்துல இறங்குறதுக்கு முன்னாடி வீடியோ பாக்கணும்ல? பாத்தேன். எந்த நாடோ தெரியல, ஒரு பொண்ணு நாயோட கயித்தை இடுப்பு பெல்ட்டுல மாட்டிக்கிட்டு மான் மாதிரி ஓடுது. ரெண்டு கையும் ஃப்ரீ! "நாய்தான் உங்க பெஸ்ட் ஃபிட்னஸ் பார்ட்னர்"னு சிரிக்குது.

நானும் அதே பெல்ட்டை வாங்கிட்டேன். கடைசி வரைக்கும் தளர்த்தியும் பக்கிள் எட்டல. மூச்சை உள்ள இழுத்து, செவத்துல சாஞ்சு, ஸ்டெல்லா ஒரு அமுக்கு அமுக்குனதும் 'டக்'னு மாட்டிக்கிச்சு.

மாட்டிக்கிச்சு! எப்படிக் கழட்டுறதுன்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல.

புது ட்ராக் பேண்ட், புது ஷூவோட வெளிய வந்தேன். தெருமுனையில சீசர் உக்காந்துடுச்சு. இழுத்தேன். வரல. எதிர்வீட்டு தங்கராசு சார் பேப்பரை இறக்கிட்டுப் பாத்தாரு.

"என்ன சார் பண்றீங்க?"

"ஜாகிங் சார்."

"யாரு, அதுவா?"

ரோஷம் வந்துடுச்சு. எனக்கு இல்ல, சீசருக்கு. திடீர்னு எந்திரிச்சு ஒரே பாய்ச்சல்! நானும் பின்னாடியே ஓடுறேன். ஆமாங்க, ஓடுறேன்! காத்து மூஞ்சில அடிக்குது, ரெண்டு பக்கமும் பச்சைப் பசேல்னு நாத்தங்கால். கை ஃப்ரீயா இருக்கே, சும்மா விடலாமா? போனை எடுத்து வீடியோ போட்டேன். "வணக்கம் மக்களே! ஃபிட்னஸ்ங்குறது ஒரு..."

நாத்தங்கால் ஓரத்துல ஒரு கொக்கு உக்காந்திருந்துச்சு.

சீசர் திரும்புச்சு. முதல்ல என் இடுப்பு திரும்புச்சு. மிச்ச உடம்பு கொஞ்சம் லேட்டா வந்து சேந்துச்சு.

நாத்து பறிச்சுக்கிட்டு இருந்த அம்மா ஒருத்தங்க நிமிந்து பாத்துக் கத்துனாங்க. "ஐயையோ சார், நாத்து! நாத்து! அந்தாண்ட விழுங்க!"

விழுறவன் பக்கம் பாத்தா விழ முடியும்? முடிஞ்சுது. வாய்க்கா சேத்துல குப்புற விழுந்தேன். போன் எனக்கும் முன்னாடியே போயிடுச்சு. தலையைத் தூக்கிப் பாத்தா, அந்தம்மா நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு, "நல்லவேளை, நாத்துக்கு ஒண்ணும் ஆகல"ங்குறாங்க.

கொக்கு பறந்துடுச்சு. சீசர் மேல ஒரு சொட்டு சேறு இல்ல. பெல்ட்டைக் கழட்டப் பாத்தேன். பக்கிளுக்குள்ள சேறு போயி இறுகிக் கிடக்குது. வீட்டுக்குப் போகலாம்னு பாத்தா, சீசர் அதுக்குத் தெரிஞ்ச வழியில இழுத்துக்கிட்டுப் போகுது.

அந்த வழி நேரா செல்வி அக்கா இட்லிக் கடையில போய் நின்னுச்சு.

"வாடா ராசா! என்னடா இன்னிக்கு லேட்டு?"

ராசாவா? நான் சுத்திமுத்திப் பாக்குறேன். சீசர் வாலை ஆட்டிக்கிட்டு நிக்குது. அந்தக்கா சுடச்சுட இட்லியைப் பிச்சு, சாம்பார் ஊத்தி வெச்சுட்டு, என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க.

"நீ யாருப்பா? ராசாவ ஏன் கட்டி இழுத்துக்கிட்டு வர்ற?"

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள அவங்களே பொரிய ஆரம்பிச்சாங்க. "இது எந்த வீட்டு நாயோ தெரியல. பாவம்ப்பா. மூஞ்சியில வெறும் மோர் சோத்தை ஒட்டிக்கிட்டு வரும். வாயில்லா சீவனுக்கு மோர் சோத்தை ஊத்திட்டு அவன் மட்டும் நல்லாத் திங்கிறான் பாரு! தொப்பையும் தொந்தியுமா இருப்பான், நான் எழுதியே தரேன்."

நான் வயித்தை உள்ள இழுத்துக்கிட்டேன்.

"ஆமாக்கா, அநியாயம்"னேன்.

அடுத்து கறிக்கடை. "மணி வந்துட்டானா!"ன்னு ஜமால் பாய் எலும்போட வெளிய வந்தாரு. என்னைப் பாத்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. "மணியை எதுக்குக் கட்டியிருக்க? அது வரும், திங்கும், போகும். இத்தனை நாள்ல கயித்தைப் பாத்ததில்ல."

பதில் சொல்லலாம்னா, எலும்பைக் கவ்விக்கிட்டு சீசர் அடுத்த தெருவுக்குக் கிளம்பிடுச்சு. நானும்தான்.

அங்க ரிட்டயர்டு நர்ஸ் மேரிம்மா கேட்டைத் திறந்துட்டு வந்தாங்க. "டாமி!"ன்னு ஒரு அலறல். "என் டாமியை எவனோ கட்டி இழுத்துக்கிட்டுப் போறான்! ஓடியாங்க!"

ஜமால் பாய் சந்தேகப்பட்டு ஏற்கெனவே பின்னாடியே வந்துட்டாரு. அவரு பின்னாடி செல்வி அக்கா, கையில கரண்டியோட. அக்கா பின்னாடி பாதி இட்லி சாப்புட்டவங்க எல்லாரும்.

"நாய் புடிச்சு விக்கிற ஆளு போலருக்கு!"

"நாயை விடுய்யா!"

"நான் எப்பவோ விட்டுட்டேங்க! பெல்ட்டுதான் விட மாட்டேங்குது!"

யாரும் நம்பல. "இது என் நாய்ங்க. பேரு சீசர்"னேன்.

"எங்க, கூப்புடு பாப்போம்."

"சீசர்!"

காதைச் சொறிஞ்சுச்சு.

"ராசா!"ன்னாங்க செல்வி அக்கா. வாலு ஆடுச்சு. "மணி!"ன்னாரு பாய். எந்திரிச்சு நின்னுச்சு. "டாமி!"ன்னாங்க மேரிம்மா. மல்லாக்கப் படுத்து வயித்தைக் காட்டுச்சு, துரோகி.

"இதுக்கு வெறிநாய் ஊசி போட்டதே நான்தான்"னு மேரிம்மா என்னை முறைக்குறாங்க. ஊசி! எங்களுக்கு அது தோணவே இல்ல. அப்பதான் எனக்கு நெசமாவே பயம் வந்துச்சு. நாயை வாங்கிக்கிட்டு என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா, ஸ்டெல்லா கதவைத் திறப்பாளா?

"அண்ணே, என் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு போன் போடுங்க"ன்னு நம்பரைச் சொல்லிக் கெஞ்சுனேன். ஜமால் பாய் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சாரு.

"அம்மா, செவலை நாய் ஒண்ணு, கழுத்துல பச்சைப் பட்டை. உங்களுதா?"

"எங்களுதுதாங்க. சீசர். என்ன ஆச்சு?"

"கூட ஒரு ஆளு நிக்கிறாரும்மா. ஒரே சேறு. மூஞ்சி தெரியல."

ஸ்டெல்லா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"தொப்பை இருக்குங்களா?"

"இருக்கும்மா."

"அப்ப அதுவும் எங்களுதுதான்."

கூட்டம் சிரிச்சு அடங்குறதுக்குள்ள செல்வி அக்கா என்னையே உத்துப் பாத்தாங்க. "அப்ப அந்த மோர் சோறு..."

"நான்தாங்க்கா."

அக்கா கரண்டியைக் கீழ இறக்குனாங்க. மேரிம்மா சீசர் தலையைத் தடவி, "டாமி, டாமி"ன்னு பெருமூச்சு விட்டாங்க.

ஜமால் பாய் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, கறி வெட்டுற கத்தியை எடுத்தாரு. பெல்ட்டை அறுக்கத்தான். "மூச்சை உள்ள இழுங்க சார்."

"காலைலேருந்து அதைத்தான் பாய் செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அறுந்துச்சு. உள்ளேருந்த நான் மொத்தமா வெளிய வந்தேன்.

திட்டுனதுக்குப் பரிகாரமா செல்வி அக்கா அவங்க கடையில என்னை உக்கார வெச்சு நெய்ப் பொங்கலும் வடையும் வெச்சாங்க. வேணாம்னேன். ரொம்ப வேகமா சொல்லல.

மறுநாள் சீசர் எந்திரிக்கல. பெல்ட்டும் இல்ல. சரின்னு நான் மட்டும் தனியா நடந்து போனேன். இட்லிக் கடையைத் தாண்டும்போது செல்வி அக்கா எனக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாத்தாங்க.

"என்ன சார், ஓனர் வரலையா?"