கொம்போ அண்ணை கண்டுபிடித்த ஜெயில்

ஒரேயொரு காரியத்துக்காக வீட்டைவிட்டு வெளிக்கிட்டதே இல்லை என்று கோவிலில் சத்தியம் செய்யக்கூடிய தமிழர் ரொறன்ரோவில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கொம்போ அண்ணை. அந்தச் சத்தியத்தைச் செய்யக் கோவிலுக்குப் போனாலும், போகிற வழியில் பல் டொக்டரிடமும் காட்டிக்கொண்டுதான் போவார்.

மோர்னிங்சைட்டில் எங்கள் தொடர்மாடியில்தான் இருந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டினார். இரண்டைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கிற 'கொம்போ'தான் ஊர் வைத்த பெயர்; தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டால், "பேர் என்னத்துக்கு? கூப்பிட்டா வருவன்தானே" என்பார். கூப்பிட்டால் வருவார், ஆனால் இன்னொரு அலுவலையும் கையோடு கூட்டிக்கொண்டு வருவார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஊரில் சொல்வார்கள். கொம்போ அண்ணை மாங்காயோடு அந்தக் கல்லையும் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிற ரகம்.

ஒருமுறை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் என்னைக் கூட்டிப்போனார். வழியில் காருக்கு வின்ரர் ரயர் மாற்றினோம். கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால், வெற்றிலைக்குப் பக்கத்தில் ரயர் நட்டு ஒன்று கிடக்கிறது. ஐயர் அதற்கும் ஒரு பூவைப் போட்டார். திரும்பி வரும்போது கொம்போ அண்ணை, "இனி இந்தச் சில்லு கழராது, தம்பி" என்றார்.

பிக்கரிங்கில் தெரிந்த பையன் ஒருவனுக்குப் பெண் பார்க்கப் போன கதை இதைவிட மோசம். பெண் வீட்டுத் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் 'ஓப்பன் ஹவுஸ்' பலகை நின்றது; விற்கிற வீடு, யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். விடுவாரா? மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரையும் முதலில் அதற்குள் இறக்கிவிட்டார். மாப்பிள்ளையின் தாய் அதுதான் பெண் வீடு என்று நினைத்து, குசினியை அரைமணித்தியாலம் புகழ்ந்துவிட்டு, அங்கே நின்ற வெள்ளைக்கார ஏஜென்ற் பெண்மணியிடம், "சரி, இனிப் பிள்ளையைக் கூப்பிடுங்கோவன்" என்றிருக்கிறார். அந்தச் சம்பந்தம் சரிவரவில்லை. வீடு சரிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் இப்போது அதில்தான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மனிதரை மகள் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கூட்டிக்கொண்டு போனது பெரிய பிழை. அங்கே ஒரு ரிக்கெட் விற்கிறார்களாம். காலையில் படகில் ஏற்றிக் கடல் நடுவே இருக்கிற பழைய ஜெயிலைக் காட்டுவார்கள். பின்னேரம் ஒரு பழைய தெருவை நடத்திக் காட்டுவார்கள். கொம்போ அண்ணை திரும்பி வந்தபோது முகத்தில் கும்பாபிஷேகம் பார்த்த களை.

"தம்பி, விடிய ஜெயில், பின்னேரம் தெரு. ஒரே ரிக்கெட்! என்னைக் கேளாமலே என்ர மூளையைக் களவெடுத்திருக்கிறாங்கள்!"

"நல்லதுதானே, அண்ணை."

"நல்லதெண்டு சொல்லிப்போட்டுச் சும்மா இருக்கிறதே? ரொறன்ரோவிலை தீவு இருக்கு, தெரு இருக்கு. ஜெயில் ஒண்டுதான் குறையுது. அதை நான் பிடிக்கிறன்."

பிடித்தார். இரண்டாவது நாளே பிடித்தார். டவுன்டவுன் படகுத்துறைக்குப் போனவர், அங்கே தொங்கிய பலகையில் 'வார்ட்ஸ் ஐலண்ட்' என்று எழுதியிருந்ததைக் கண்டார். அவ்வளவுதான். வார்ட் என்றால் ஜெயில் வார்ட். வார்ட் இருந்தால் வார்டன் இருந்திருப்பான். வார்டன் இருந்தால் கைதி இல்லாமலா? அந்த ஒற்றைப் பலகையில் இருந்து ஒரு முழுச் சிறைச்சாலையையே மனதுக்குள் கட்டி முடித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அப்போது பெரிய கவலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி மாலினிக்கு எட்டு மாதம், முதல் பிள்ளை. அவளுக்குத் தாய் இல்லை. பேறு நேரத்தில் அப்பாவாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று மட்டக்களப்பில் இருந்து மாமாவைக் கூப்பிட்டிருந்தோம். மாமா வந்து மூன்று கிழமை. நான் வேலைக்கு, மாலினி வேலைக்கு, மாமா பதினாலாம் மாடியில் யன்னலுக்கு. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"புள்ள, நான் வெள்ளிக்கிழம பிளைட்டுக்கு மாத்திப்போட்டன்."

மாலினி கரண்டியை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் அழுவது கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது. நான் மாமாவைப் பார்த்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன்.

"மருமகன், நான் முப்பது வருசம் ஜெயிலராயிருந்த ஆள்" என்றார் மாமா. "கைதிக்குக்கூட காலமையும் பின்னேரமும் கதவத் திறந்துவிடுவம். இஞ்ச என்ன ஆரு திறந்துவிடுற?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அடுத்தநாள் லிஃப்ட்டில் கொம்போ அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"விடும் கவலையை! கனடாவை ஜெயில் எண்டு சொல்லுறாரே? உண்மையான ஜெயிலை ஒருக்காக் காட்டுவம். அதைப் பாத்தாரெண்டா உம்மட வீடு சொர்க்கமாத் தெரியும். புதன்கிழமை தீவு, பின்னேரம் தெரு."

"அண்ணை, அவர் ஜெயிலிலை முப்பது வருஷம்..."

"கடவுளே! முப்பது வருஷமோ!" என்று வாயைப் பொத்தினார். "ஒருத்தருக்கும் சொல்லாதையும், தம்பி. நான் வெளியிலை விடன்."

லிஃப்ட் கதவு திறந்தது. இறங்கிப் போய்விட்டார். பின்னாலே ஓடிப்போய் விளக்கம் சொல்லியிருக்கலாம்தான். சொல்லாமல் விட்டது என் குணம். வெள்ளிக்கிழமை எல்லாம் முடியத்தான் போகிறது, புதன்கிழமையாவது கொஞ்சம் சிரிப்போம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை லீவு போட்டுக்கொண்டு நானும் போனேன். ஸ்கூல் விடுமுறை என்பதால் கொம்போ அண்ணைக்கு பஸ் ஓட்டம் இல்லை. மாமா வெள்ளைச் சேட்டும் பொலிஷ் போட்ட சப்பாத்துமாக, கையில் குடையோடு, இன்ஸ்பெக்ஷனுக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்றார். கொம்போ அண்ணையின் கழுத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, வாயருகே மைக். கேட்கிறவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் நான்.

படகு புறப்பட்டது. கொம்போ அண்ணை மைக்கை மூடிக்கொண்டு மாமாவின் காதருகே போனார். "ஐயா, பழசை எல்லாம் மறவுங்கோ. ஆர்தான் பிழை விடேல்லை?"

மாமா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

தீவில் இறங்கினால், கார் இல்லாத ஒழுங்கைகள், மரநிழல், பொம்மை வீடுகள் போலச் சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றின் வாசலிலும் பூ. கொம்போ அண்ணை மைக்கைத் தட்டினார்.

"உதுகள்தான் கைதியளின்ர செல்."

மாமா கிட்டப் போய்ப் பார்த்தார். "செல்லுக்குப் பூங்கொடியா?"

"நல்ல நடத்தைக்கு, ஐயா."

"மதில் எங்க?"

"சுத்திவர ஏரி. அதுதான் மதில்."

"கதவுப் பூட்டு உள்பக்கம் கிடக்கே தம்பி. கைதி தன்னத் தானே பூட்டுறானா?"

கொம்போ அண்ணை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கனடாவிலை எல்லாம் செல்ஃப் சேர்விஸ், ஐயா."

நான் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்கார மூதாட்டி பூவுக்குத் தண்ணீர் விட வெளியே வந்தார். கொம்போ அண்ணை மிகவும் மரியாதையாக, "எத்தனை வருஷமா உள்ளுக்கை இருக்கிறியள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாற்பது வருடம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நாப்பது!" என்று ஒலிபெருக்கி அலறியது.

"என்ன குற்றமாம்?" என்று மாமா என்னிடம் கேட்டார்.

மூதாட்டி விடவில்லை. இங்கே ஒரு வீடு கிடைக்கப் பேரைப் பதிந்துவிட்டு எத்தனையோ வருடம் காத்திருக்கவேண்டும், நான் என்றால் செத்த பிறகு தூக்கிக்கொண்டு போனால்தான் வெளியே போவேன் என்றார். கொம்போ அண்ணை மொழிபெயர்த்தார்: "ஆயுள் தண்டனை, ஐயா. அதுக்கும் லைன்லை நிக்கினமாம்."

மாமா சிரித்தார். மூன்று கிழமையில் முதல் சிரிப்பு. குடையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார். மூதாட்டியும் ஏன் என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். பிறகுதான் மூதாட்டியின் வாயால் விஷயம் உடைந்தது. வார்ட் என்பது முன்னொரு காலத்தில் இங்கே மீன்பிடித்த ஒரு குடும்பத்தின் பெயராம். இந்தத் தீவில் ஜெயில் இருந்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லையாம்.

"தம்பி, நான் ஜெயில் அதிகாரியா இருந்தவன்" என்றார் மாமா. "படகிலயிருந்தே தெரியும், இஞ்ச ஒரு கோழிக்கூடுகூட இருக்கேல்ல எண்டு."

"அதிகாரியோ? நீங்கள் உள்ளுக்கை இருந்தனீங்கள் எண்டெல்லோ நான்..." கொம்போ அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையின் முகம். மைக்கை நிற்பாட்டிக் கழுத்தில் இருந்து கழற்றினார். எனக்கு உண்மையாகவே பாவமாகப் போய்விட்டது.

மாமாவுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவரைக் கையில் பிடித்துக் ஏரிக்கரைப் பக்கம் கூட்டிப்போனார். "ஜெயில் இல்லாட்டி என்ன தம்பி? கட்டுறண்டா எங்க கட்டுறண்டு நான் சொல்லுறன். மைக்கப் போடுங்க."

குடை நுனியால் மணலில் கீறத் தொடங்கினார். வாசல் இங்கே, காவல்கூண்டு அங்கே. "குசினியக் காத்துப் பக்கம் வைக்கப்படாது. கறி மணம் வந்தா கைதி குழப்பம் பண்ணுவான்." கொம்போ அண்ணை மைக்கை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கோட்டை மிதித்த என்னை இரண்டு பேருமாகப் பேசினார்கள். சைக்கிளில் வந்த நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். ஏதோ சடங்கு என்று நினைத்திருப்பார்கள். ஜெயில் கட்டி முடிய இரண்டு படகு போய்விட்டது.

மோர்னிங்சைட்டில் பஸ்ஸால் இறங்க நாலு மணி. எனக்குக் கால் கழன்றுவிட்டது. "வீட்டை போவம், அண்ணை" என்றேன்.

"விசர்க் கதை கதையாதையும். பாதி கொம்போ எண்டு ஒண்டு இல்லை. இனித்தான் தெரு."

நடத்திக் காட்டினார். "ஐயா, இந்தக் கடையிலை காலமை இடியப்பம் வாங்கோணும். பின்னேரம் வந்தா அதே இடியப்பம் கல்லிலை கொத்துப்பட்டுக் கொத்தாகி நிக்கும். உந்தத் தரிப்பிலை பஸ் வராது, வந்தா மூண்டு ஒண்டா வரும். அதுவும் கொம்போதான். உந்த மரவாங்கிலை காலமையிலை ஊர்க்காரர் குந்தி இருப்பினம், திருகோணமலை ஆள் ஒருத்தர் உங்களை மாதிரித்தான், நல்லாக் கதைப்பார்." மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மூன்று கிழமையாக யன்னலால் பார்த்த தெருவில் அன்றுதான் அவருடைய கால் பட்டது.

கடைசியில் எங்கள் தொடர்மாடி வாசல். கொம்போ அண்ணை மைக்கில் சொன்னார்: "சுற்றுலா முடிஞ்சுது. ஐயா, கதவைத் திறவுங்கோ."

மாமா பூட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என்னட்டச் சாவி இல்லையே தம்பி" என்றார்.

கொம்போ அண்ணை மைக்கை நிற்பாட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

முப்பது வருடம் இடுப்பில் சாவிக்கொத்தோடு நடந்த மனிதர். வெளியே போய்த் தொலைந்துவிடுவார், குளிர் பிடிக்கும், ஆங்கிலம் தெரியாது என்று எத்தனையோ நியாயம் வைத்திருந்தேன். அவரிடம் ஒரு சாவியைக் கொடுக்கவேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என் வளையத்தில் இருந்து சாவியைக் கழற்றினேன். நகம் உடைந்தது.

"ஐயாட்டைக் குடும்" என்றார் கொம்போ அண்ணை.

மாமா கதவைத் திறந்தார். பிறகு சாத்தினார். பிறகு திரும்பவும் திறந்து, "உள்ள வாங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை பிளைட் மாமா இல்லாமல் போனது. காலை எட்டு மணிக்கு அவரே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, இடியப்பம் வாங்கி, மரவாங்கில் திருகோணமலைக்காரரோடு உலகத்தைத் திருத்திவிட்டு வருவார். போகும்போது சாவியைக் கிலுக்கிக்காட்டுவார். மாலினி அந்தச் சத்தம் கேட்டால் சிரிப்பாள். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் கொம்போ அண்ணையோடு தீவுக்குப் போய், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த மற்றத் தாய் தகப்பன்மாருக்கு இல்லாத ஜெயிலைச் சுற்றிக்காட்டினார். ஒருவரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

கொம்போ அண்ணை இப்போது மகளோடு எட்மன்டனில். அந்த ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் முகவரியை இரண்டுதரம் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அவரை நினைத்தால் ஞாபகம் வருவது எங்கள் மகள் பிறந்த நாள். ஆஸ்பத்திரி அறையில் மாமா பேத்தியை மடியில் வைத்திருந்தார். கதவடியில் கொம்போ அண்ணை. கழுத்தில் மைக் இல்லை, கையில் பை இல்லை, பைல் இல்லை, ரயர் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன அண்ணை, கீழை இரத்தம் குடுக்க வந்தனீங்களோ? ஆரையும் காரிலை ஏத்தவேணுமோ?"

இல்லை என்று தலையாட்டினார். களவு செய்து பிடிபட்ட ஆள்போலக் காலை மாற்றி மாற்றி நின்றார்.

"இல்லைத் தம்பி. பிள்ளையைப் பாக்க மட்டும்தான் வந்தனான்."