நாலு வரியில் ஒரு மரணம்

உலகத்திலேயே மிகக் குறைவாக எழுதி மிக அதிகமாகத் தொல்லை கொடுத்தவர் எங்கள் நாலுவரி அண்ணைதான்.

உரும்பிராயில் வெங்காயத் தோட்டம். மிச்ச நேரத்தில் நாலே வரியில் கதை. ஐந்தாவது வரி வந்தால் அது அலட்டல் என்பார். நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பட்டணத்தில் ஒரு பத்திரிகைக்கு அச்செழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். பிழை விட்டால் வேலை போகும், குண்டு விழுந்தால் உயிர் போகும். இரண்டுக்கும் ஒரே அளவில்தான் பயந்தேன்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் கடதாசி வரத்து நின்று, பத்திரிகை ஒற்றைத் தாளாகியிருந்தது. அதிலும் பாதி மரண அறிவித்தல்.

“இடமில்லை அண்ணை.”

“நாலு வரிக்குமோ?”

“அந்த நாலு வரிக்கும் ஆள் செத்திருக்கு.”

“ஓம், உயிரோடை இருக்கிறவன்ரை எழுத்தை ஆர் வாசிக்கிறது?” என்று புறுபுறுப்பார். “ஒராள் வாசிச்சாக் காணும், அது போதும் தம்பி. ஒரேயொராள்.”

ஒருநாள் மரண அறிவித்தலோடு வந்தார். ‘கந்தப்பு காலமானார். கொழும்புக்குப் போன மகன் வருவான் என்று வாசல் படலையைப் பூட்டாமல் படுத்தவர். கிரியைகள் நாளை. படலை இன்னும் திறந்தே கிடக்கிறது.’

“ஆர் அண்ணை உவர்?”

“தூரத்துச் சொந்தம்.”

விலாசம் இல்லாமல் அறிவித்தல் எடுக்கமாட்டோம். தன் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டார்.

மறுநாள் பேப்பர் வந்ததும் அவர் முற்றம் நிறையச் சனம். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று அயலார் தேத்தண்ணி வாளியோடு வந்துவிட்டார்கள். கிணற்றடியிலிருந்து வந்த அண்ணையின் மனைவி, எங்கள் அக்கா, புருஷன்தான் போய்விட்டார் என்று குழறத் தொடங்கினார்.

“குழறாதையப்பா, நான் பின்னாலை நிக்கிறன்.”

“அப்ப செத்தது ஆர்?”

“என்ரை கதையிலை ஒருத்தர்.”

அக்கா அவர் தலையில் கவிழ்க்கத் தேத்தண்ணி வாளியைத் தேடினார். பொய் அறிவித்தலைக் கோத்ததற்கு வேலை போய்விடுமென்று ஓடிவந்த நான் மாமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். சனம் ஏசிக்கொண்டே கலைந்தது. தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் போகவில்லை.

“அப்ப அந்தாள் சாகேல்லையோ?”

“இல்லை ஐயா. நான் எழுதின ஆள்.”

“நல்லது. என்ரை பெடியனும் கொழும்புக்குப் போனவன்தான்.” பேப்பரை நீட்டினார். “இன்னொருக்கா வாசியும், கேப்பம்.”

அண்ணை வாசித்தார். மூன்றாவது வரியோடு நிறுத்திவிட்டார். கடைசி வரியைப் பெரியவர்தான் சொல்லி முடித்தார். பார்க்காமலே.

அதன்பிறகு அண்ணை அச்சகப் பக்கம் வரவில்லை.

போன கிழமை பேப்பரில் அவருடைய மரண அறிவித்தல் வந்திருந்தது. கதையாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சொல்லியே சைக்கிளை மிதித்தேன்.