கல்வாசலுக்குப் பத்துக்கு மூன்று

நான் ஒரு தீர்ப்பைச் சொன்னால் சொன்னதுதான். பதினோரு வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். கார் பந்தயம், கால்பந்து, பேய், விவசாயம், விண்வெளிச் சண்டை, எது வந்தாலும் சரி. டிவியில் ஆடுவது, கம்ப்யூட்டரில் ஆடுவது, பஸ்ஸுக்கு நிற்கும்போது போனில் ஆடுவது, எல்லாம் என்னிடம் மார்க் வாங்கித்தான் ஆகவேண்டும்.

ஒரு கார் கேமுக்கு, 'வண்டி ஓடுகிறது, ஆட்டம் ஓடவில்லை' என்று நாலு போட்டேன். ஒரு பேய் கேமுக்கு, 'பேயைத் தவிர எல்லாம் பயமுறுத்துகிறது' என்று ஐந்து. மாடு வளர்க்கும் போன் கேம் ஒன்றுக்கு, 'மாடே தூங்கிவிட்டது' என்று இரண்டரை. வாசகர்கள் எனக்கு வைத்த பேர் 'அரை மார்க்கு'. அரை மார்க்கு கூடப் போட அழுவேனாம். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேரில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. போட்ட மார்க்கை இதுவரை ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

வீட்டிலும் அப்படித்தான். கூடத்துக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டிவிட்டு என் மனைவி ஆசையாகப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"முயற்சி தெரியுது. மெருகு போதாது. ஆறு."

"சரி. ஃபேனைத் துடைக்கணும்னு மூணு வாரமா சொல்லிட்டிருக்கேனே, அதுக்கு எத்தனை?"

அதை நான் கேட்டேனா என்பது எனக்கு ஞாபகமில்லை.

இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம். எல்லாக் கேமிலும் யாராவது ஒருத்தர் வழியில் நின்று பேசுவார். கிழவர் பேசுவார், ராணி பேசுவாள், சில கேமில் ஆமைகூடப் பேசும். அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் மாசம் பன்னிரண்டு கேமை எப்படி முடிப்பது? பேச்சைத் தாண்டிப் போக ஒரு பட்டன் இருக்கிறது. வாயைத் திறந்தார்களா, அழுத்து. மற்ற பட்டனெல்லாம் புதுசு போல இருக்க, அந்த ஒன்று மட்டும் தேய்ந்து வழுக்கும்.

என் மனைவிக்கு நேர் எதிரான வேலை. வாஷிங் மெஷின் கம்பெனியில் போனில் புகார் கேட்பவள். காலை ஏழு மணிக்குப் போய் மூன்றுக்கு வந்துவிடுவாள். "முழுசா சொல்லுங்க சார், கேட்டுட்டுதான் இருக்கேன்" என்று நாள் பூராவும் சொல்லி, வீட்டில் தூக்கத்திலும் அதையே சொல்வாள். கேம் விளையாடுவாளா என்று நான் கேட்டதே இல்லை. கேட்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் 'கல்வாசல்' வந்தது. ஆறு வருடம் உழைத்து ஒரு சின்ன கம்பெனி உருவாக்கிய கேம். கடைக்கு வரும் முன்னே பன்னிரண்டு விமர்சகர்களுக்கு மட்டும் அனுப்பினார்கள். அந்தப் பன்னிரண்டில் நான் ஒருவன்.

கதை சுலபம். படகில் போகிறோம். படகுக்காரர் பேச ஆரம்பித்தார். அழுத்தினேன். கரையில் இறங்கிக் காடு, மலை எல்லாம் கடந்தால் ஒரு பிரம்மாண்டமான கல் கதவு. முன்னால் ஒரு காவலாளி. அவன் வாயைத் திறந்தான். நான் வாளை எடுத்து ஒரே வெட்டு. அப்புறம் கதவை வெட்டினேன், உதைத்தேன், தீ வைத்தேன். கதவு அசையவில்லை. திரும்ப முதலிலிருந்து வந்து, திரும்ப அவனை வெட்டி, திரும்பக் கதவை இடித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. என் வீரத்தைப் பார்த்து எனக்கே மலைப்பாக இருந்தது.

மற்ற பதினோரு பேரில் ஒருத்தர்கூடத் திறக்கவில்லை. ஆனால் பயந்தாங்கொள்ளிகள். 'கதவு சற்றுச் சவாலாக உள்ளது' என்று பூசி மெழுகி ஏழும் எட்டும் போட்டிருந்தார்கள். நான் அப்படியா?

புதன்கிழமை சாயங்காலம் கூடத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். நான் சொல்லச் சொல்ல அவள்தான் டைப் செய்வாள். என் எழுத்தைவிட அவள் விரல் வேகம்.

"எழுது. 'இந்தக் கதவு திறக்காது. திறக்கும்படி இதைச் செய்யவே இல்லை.'"

டைப் சத்தம் நின்றது. "என்னங்க, அந்தக் கதவைப் பத்தி ஒண்ணு..."

"எழுத்துப்பிழை மட்டும் பாரு. 'இது முடிக்கப்படாத கேம். வீடு கட்டிச் சாவியைத் தொலைத்தவன் கதை.' ஆகா!"

"இல்லைங்க, நேத்து நான்..."

"நேத்து கதை அப்புறம். 'பத்துக்கு மூன்று.' முற்றுப்புள்ளி வை."

"ஒரே நிமிஷம், நான் சொல்றதை..."

"வச்சியா?"

"வச்சேன்." கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அப்புறம் முகத்தில் ஒரு தெளிவு. "என்னங்க, உங்க தைரியம் வேற யாருக்கும் வராது. மத்தவங்க எல்லாம் பயந்து பயந்து எழுதியிருக்காங்க. நீங்க சிங்கம் மாதிரி எழுதியிருக்கீங்க. ஆனா சிங்கம்னா கடைசியில ஒரு கர்ஜனை வேணாமா?"

நடையை நிறுத்தினேன். "என்ன கர்ஜனை?"

"'யாராவது இந்தக் கதவைத் திறந்து காட்டினால், அவர்கள் சொல்லும் மார்க்கை நானே என் கையால் எழுதித் தருகிறேன்.' உங்க கம்பீரத்துக்கு இது இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

உடம்பே சிலிர்த்துவிட்டது. "சேர்த்துக்கோ. ரெண்டு தடவை படிச்சுக் காட்டு." மூன்று தடவை படிக்க வைத்துக் கேட்டேன்.

வியாழக்கிழமை விமர்சனம் வெளிவந்தது. ஊரெல்லாம் அதே பேச்சு. வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர் போன் செய்தார். நல்ல மனுஷர். கோபம் வந்தால் மட்டும் மரியாதை கூடும்.

"வாங்க ஐயா. வணக்கம் ஐயா. கதவு திறக்காதுன்னு எழுதினீங்களே, நல்லா இருக்கீங்களா?"

"ஏன் சார்?"

"கேம் கம்பெனியிலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. யார் எதுவரைக்கும் விளையாடினாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமாம். பன்னிரண்டு பேர்ல ஒரே ஒரு மெஷின்ல கதவு திறந்திருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷம்."

"யார் சார் அந்தப் பாவி?"

"உங்க மெஷின் ஐயா."

நாற்காலி இருந்ததால் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நான் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

"திறந்துட்டு, திறக்காதுன்னு பொய் எழுதியிருக்கீங்க. உங்க விமர்சனப் பக்கத்தையே நிறுத்திடலாமா ஐயா?"

பதினோரு வருடப் பேர். ஒரு நொடியில் என் மூளை வேலை செய்தது பாருங்கள், அதற்கு நானே ஒன்பது போடுவேன். "சார், அது வாசகர்களுக்கு நான் வச்ச பரிசோதனை! அதான் சவால் விட்டேன்! நான்தானே திறந்தேன்!"

"அடடே! அப்ப நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் திறந்து காட்டுங்க. கம்பெனிக்காரங்களையும் கூப்பிடறேன். திறந்தா பக்கம் இருக்கும். திறக்கலைன்னா..." மிச்சத்தை அவர் சொல்லவில்லை. மரியாதை மட்டும் திரும்ப வந்தது. "வரட்டுங்களா ஐயா?"

மூன்று மணிக்கு மனைவி வந்தாள். கெஞ்சுவது என் சரித்திரத்திலேயே இல்லை. செய்தித்தாளை விரித்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன்.

"ஆமா, அந்தக் கல் கதவு... சும்மா ஒரு பேச்சுக்கு... நீயா இருந்தா எப்படித் திறப்ப?"

"பேப்பரைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க."

நேராகப் பிடித்தேன்.

"சாவி யார்கிட்ட இருக்கு? காவலாளிகிட்ட," என்றாள். "பாத்த உடனே அவனை வெட்டிட்டா யாரு வந்து திறப்பா?"

இருநூற்றுப் பன்னிரண்டு தடவை செத்துப்போன அந்த மனுஷன் கண் முன்னால் வந்து நின்றான்.

"படகுக்காரர் முதல்லயே சொல்றாரே. வாசல்ல வாளைக் கீழே வை, அப்புறம்..."

"போதும் போதும், புரிஞ்சுடுச்சு! வாளைக் கீழே வைக்கணும். அவ்வளவுதானே?"

"இல்லைங்க, அப்புறமா..."

"எனக்குத் தெரியாத அப்புறமா? நாளைக்குக் காலையில ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் திறந்து காட்டப் போறேன், வந்து பாரு!" என்றேன். நிம்மதியாக எழுந்து சட்டைக்கு இஸ்திரி போடப் போனேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, நாளைக்கு லீவு சொல்ல ஆபீசுக்குப் போன் செய்தாள்.

சனிக்கிழமை. பத்திரிகை ஆபீசில் பெரிய அறை நிறைய வாசகர்கள். முன்வரிசையில் கேமை உருவாக்கிய பெண். சின்ன வயது. ஆறு வருடம் தூங்காத கண். மடியில் என் விமர்சனம் நாலாக மடித்து இருந்தது. கடைசி வரிசையில் என் மனைவி.

கம்பீரமாக உட்கார்ந்தேன். படகு, காடு, மலை, வாசல். வாளைக் கீழே வைத்தேன். அறையில் 'ஓ' என்று ஒரு சத்தம். காவலாளி எழுந்து வந்து வாயைத் திறந்தான்.

"ஐயா, நான் இந்த வாசலுக்கு வந்து..."

பதினோரு வருடப் பழக்கம். என் கட்டைவிரல் என்னைக் கேட்கவில்லை. அழுத்திவிட்டது.

காவலாளி சட்டென்று வாயை மூடினான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான். கதவு அசையவில்லை.

மறுபடி. "ஐயா, நான் இந்த..." அழுத்தினேன். கோபித்துக்கொண்டான். மறுபடி. கட்டைவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டேன். அப்படியும் அழுத்திவிட்டது. ஐந்து தடவை ஆயிற்று. பின்னால் யாரோ, "அரை மார்க்கு, அவரைப் பேச விடுய்யா!" என்று கத்தினார்கள். கேமை உருவாக்கிய பெண் மடித்த காகிதத்தை இன்னும் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் மெதுவாகக் குனிந்து, "போதுங்களா ஐயா?" என்றார்.

வேறு வழியில்லை. கடைசி வரிசையைப் பார்த்தேன்.

அவள் வந்தாள். கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வாளைக் கீழே வைத்தாள். அப்புறம் கையிலிருந்த கேம் கன்ட்ரோலரையும் மேஜைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து, "சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்," என்றாள்.

காவலாளி ஒன்பது நிமிடம் பேசினான். முழங்கால் வலி. பூட்ஸ் சின்னது. லீவு கேட்டால் தருவதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் வெட்டிவிட்டுப் போகிறார்களே ஒழிய, சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்டதில்லை. அவள் நடுநடுவே "அச்சச்சோ" என்றாள். ஐந்தாவது நிமிடம் ஆசிரியர் மூக்கைச் சிந்தினார். கடைசியில் காவலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். "இவ்வளவு நாள்ல முழுசா கேட்டது நீங்கதான்," என்றான். கதவு திறந்தது. உள்ளே அத்தனை வெளிச்சம்.

கேமை உருவாக்கிய பெண் ஓடிவந்து என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அறை முழுக்கக் கைதட்டல். எனக்கா? அவமானமாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "என் சம்சாரம். என் சம்சாரம்," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பெருமை என் பேர் அச்சில் வந்த முதல் நாள்கூட வரவில்லை.

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "அப்ப பரிசோதனைன்னு சொன்னது?"

"பரிசோதனைதான் சார்," என்றாள் அவள். "எனக்கு வச்சது. அவர்தான் என்னை விளையாடச் சொன்னார்."

காப்பாற்றிவிட்டாள். என் பக்கம் தப்பித்தது, இனிமேல் இரண்டு பேர் பேரும் போடுவது என்ற நிபந்தனையோடு.

"சவால்படி மார்க் சொல்லுங்கம்மா."

"ஒன்பது."

என் பேனா இதுவரை ஏழரையைத் தாண்டியதில்லை. 'மூன்று' என்பதை அடித்துவிட்டு 'ஒன்பது' என்று எழுதினேன். "மீதி ஒண்ணு ஏன் குறைச்ச?" என்று கேட்டேன்.

"முழங்கால் வலிக்குதுன்னு சொல்றான். உக்கார ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்."

"போட்டுடறோம்மா," என்றாள் கேமை உருவாக்கிய பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் எனக்குக் கணக்கு உதைத்தது.

"இரு இரு. நீ கதவைத் திறந்தது செவ்வாய்க்கிழமை. சவாலைச் சேர்க்கச் சொன்னது புதன்கிழமை!"

"ஆமா."

"தெரிஞ்சேவா சேர்க்கச் சொன்ன?"

"கதவு திறந்துடுச்சுன்னு மூணு தடவை சொல்ல வந்தேன். மூணு தடவையும் தாண்டிட்டீங்க. பாவம், அந்தப் பொண்ணு ஆறு வருஷம் உழைச்சிருக்கா. அதான் பார்த்தேன். உங்களைப் புகழ்ந்தா மட்டும் நீங்க ஒரு வார்த்தை விடாம கேப்பீங்க. விஷயத்தை அதுக்குள்ள வச்சேன்."

இனிமேல் இவளிடம் ஏமாறுவதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

"இருந்தாலும் ஒண்ணு சொல்லணுங்க," என்றாள். "அத்தனை பேர் முன்னாடி உங்க கையாலேயே மார்க்கை மாத்தினீங்களே, அதுக்குப் பெரிய மனசு வேணும். மனசுக்கேத்த உயரம். நானெல்லாம் ஸ்டூல் போட்டாலும் எட்டாத இடத்தை நீங்க சாதாரணமா தொட்டுடுவீங்க. அந்தக் கையில ஒரு சுத்தம் இருக்கு, ஒரு மெருகு இருக்கு. நான் பத்துக்குப் பத்து போடுவேன்."

ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஸ்டூல்மேல் ஏறி, அவள் கொடுத்த ஈரத் துணியோடு ஃபேனின் மூன்றாவது இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.