மாப்பிள்ளை அருவி

புது மாப்பிள்ளை எவ்வளவு பெரிய முட்டாள்தனத்தைச் சொன்னாலும், முதல் சில மாதங்களுக்கு அதற்குத் தலையாட்ட ஒரு குடும்பமே காத்திருக்கும். இந்தச் சலுகையை என் அளவுக்கு அனுபவித்தவன் பாலக்காட்டையும் இடுக்கியையும் சேர்த்துத் தேடினாலும் கிடைக்கமாட்டான்.

எனக்கு ஊர் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். தென்னந்தோப்பும் வெயிலும்தான் அங்கே உண்டு. (மழை பெய்தால் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம்.) மனைவி கார்த்திகாவின் வீடு இடுக்கி மலையில், வண்டன்மேட்டில், ஏலத்தோட்டத்துக்கு நடுவில். கோயம்புத்தூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்துக் காதலித்து, இரண்டு வீட்டையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தோம். ஆனால் கல்யாணப் பந்தியில் என் பெரியப்பா இரண்டாம் முறை ரசம் கேட்டபோது, கார்த்திகாவின் தம்பி பாண்டி, "இப்பத்தான ஊத்துனேன்" என்று சொல்லிவிட்டான். பெரியப்பா பாதி இலையில் எழுந்துவிட்டார். அந்த ரசத்தை ஆறவைப்பதற்குள் இரு தரப்புக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதனால்தான், அந்த மழைக்காலத்தில் நான் முதல்முறையாக விருந்துக்குப் போனபோது, மாமனார் முன்கூட்டியே எல்லோரையும் உட்காரவைத்து ஒரு சட்டம் போட்டிருந்தார். மாப்பிள்ளை என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக்கூடாது. இன்னொரு மனஸ்தாபம் வந்தால் கஷ்டப்படப்போவது நம் பெண்தான் என்று. இது அப்போது எனக்குத் தெரியாது. நான் வேறு கவலையில் இருந்தேன். தென்னந்தோப்புக்காரனுக்கு மலை ஏறத் தெரியாது என்று இவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று ராத்திரி ராத்திரியாக மலையேற்ற வீடியோக்கள் பார்த்து, விலை கூடிய ஒரு ஜோடி ஷூவும் வாங்கியிருந்தேன்.

காட்டுக்குள் இருக்கும் பெரிய அருவிக்குப் போவதாக ஏற்பாடு. மாமனார், கார்த்திகா, பாண்டி, அவர்கள் சித்தப்பா குடும்பம், அத்தை பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமே கிளம்பியது. மாமியார் மட்டும் வீட்டில் இருந்துகொண்டார். மழை விடாமல் பெய்தது. பனிமூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகு தெரிவதே பெரிய விஷயம். அந்த முதுகு என்னுடையதாக இருக்கவேண்டும் என்று நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். பிறந்ததிலிருந்து அந்த மலையில் நடப்பவர்களிடம் அட்டை கடித்தால் என்ன செய்யவேண்டும் என்று விளக்கினேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள்.

ஏலச்செடிகளுக்கு நடுவே ஏறிப்போனதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. நான் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தி, கண்ணை மூடிக் காதைத் தீட்டினேன். (வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள்.)

"தண்ணிச் சத்தம் சோத்தாங்கைப் பக்கமுங்க மாமா" என்றேன்.

 பாண்டி இடது பக்கம் பார்த்தபடி வாயைத் திறந்தான். மாமனார் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் மூடிக்கொண்டான்.

"மாப்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மாமனார் வலது பக்கம் முதல் அடி வைத்தார். பட்டாளமும் திரும்பியது.

பாதை வளைந்து வளைந்து கீழே இறங்கியது. அருவிக்கு ஏறித்தானே போகவேண்டும் என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் யாரும் எதுவும் சொல்லாததால் தைரியமாக நடந்தேன். பின்னால் கார்த்திகாவின் தோள் குலுங்கியது. குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்து என் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவளுக்குக் குலுக்கம் இன்னும் அதிகமானது.

கடைசியில் பனிக்குள்ளிருந்து அது தெரிந்தது. ஒன்றரை ஆள் உயரத்தில் ஒரு கல்கட்டு. அதன் மேலிருந்து பழுப்பு நிறத்தில் சளசளவென்று தண்ணீர். பெரிய அருவி என்றார்களே என்று லேசாக ஏமாற்றம்தான். காட்டிக்கொள்ளாமல் சட்டையைக் கழற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். வேறு வழியில்லாமல் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அத்தனை பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு குளித்தார்கள். பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன வாசம் பாத்தீங்களா மாமா? எல்லாம் மூலிகைங்க" என்றேன். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் அம்மாவுக்குக் கொண்டுபோகலாம் என்று பாட்டிலில் பிடித்தேன். பிடித்தவன், முதலில் நாமே ஒரு வாய் குடித்துப் பார்ப்போம் என்று தூக்கினேன். மாமனார் பாய்ந்து வந்து பாட்டிலைத் தட்டிவிட்டார். போட்ட சட்டத்தை அவரே உடைத்தார்.

"குடிச்சிராதீங்க மாப்ள. பக்கத்துத் தோட்டத்துல படுதா விரிச்சுத் தண்ணி தேக்குற குளம் நெறஞ்சு வழியுது. அவுக மாட்டுத் தொழுவம் கழுவுற தண்ணியும் இதுலதான் சேருது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பெண்ணின் வாழ்க்கையே அந்தப் பாட்டிலோடு போய்விட்டது என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எதுவும் சொல்வதற்குள் காற்றடித்துப் பனி விலகியது. கூப்பிடு தூரத்தில் ஒரு நீலத் தகரக் கூரை தெரிந்தது. அதன் கீழே, மாமனார் வீட்டுக் கொல்லைப்புறத்தில், முறத்தோடு மாமியார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. அவர் மட்டும் கடைசிவரை சட்டத்தை மீறவில்லை.

"அருவியில குளிச்சு முடிச்சாச்சா மாப்ள? டீ போடவா?"

முதலில் சிரித்தது நான்தான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. பாண்டி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். மாமனார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அவர் துடைத்ததில் பாதி சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அன்றோடு என் சலுகை முடிந்தது. இப்போது வெளியே மழை கொட்டுகிறது என்று நான் சொன்னால், மாமனார் எழுந்துபோய் எட்டிப்பார்த்துவிட்டு வருகிறார். அந்த இடத்துக்கு மாப்பிள்ளை அருவி என்று பேராகிவிட்டது. ஜீப்காரர்கள் அப்படிச் சொல்லித்தான் ஆள் இறக்குகிறார்கள்.

போன வருடம் பெரியப்பா வண்டன்மேட்டுக்கு வந்தார். வரும் வழியில் ஜீப்பில் பேரைக் கேட்டுவிட்டு, அதில் குளிக்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். மாமனார் என்னைப் பார்த்தார். நான் பாண்டியைப் பார்த்தேன். எல்லோருமாகக் கூட்டிக்கொண்டு போனோம். பெரியப்பா துண்டைக் கட்டிக்கொண்டு, எங்களையும் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, தலையைக் கொடுத்து நின்று, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

"ஏனுங்க சம்பந்தி, மூலிகை வாசம் அடிக்குதுங்களே?"

"ஆமாங்க பெரியப்பா" என்றேன் நான், வாயை இறுக மூடிக்கொள்வதற்கு முன்னால்.