ஜெயக்கொடி பேரில் ஒரு ஹெரால்டு

மின்சாரக் கார் ஒன்று தன் வீட்டு வாசலுக்கு வருவதாக இருந்தால் அது தன் பிணத்தைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று அழகுபாண்டி சபதம் செய்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செய்த சபதம். பின்னால் அவருடைய மனைவி ஜெயக்கொடி பட்டுப்புடவையோடு காரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பெணமெல்லாம் பெறகு பாத்துக்கலாம். மொதல்ல ஹேண்ட்பிரேக்க எடுங்க," என்றாள் அவள்.

அந்தக் கார் ஒரு ஹெரால்டு, உற்பத்தி நின்றுபோன பழைய மாடல். அழகுபாண்டியைவிட இரண்டு வயது மூத்தது. காலையில் கிளம்புவதற்கு இருவருமே முனகுவார்கள். தல்லாகுளத்து வக்கீல் ஒருவரிடமிருந்து ஆசை ஆசையாக வாங்கியபோது, ஜோசியர் சின்னச்சாமி கட்டத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வாகன யோகமே கெடையாது, சம்சாரம் பேர்ல வாங்குங்க" என்றார். வாங்கினார். அதனால் ஆர்.சி. புத்தகத்தில் பேர் ஜெயக்கொடி. ஓட்டுவது அழகுபாண்டி. தள்ளுவது மறுபடியும் ஜெயக்கொடி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் காரில் உட்கார்ந்து போன தூரத்தைவிட அதைத் தள்ளிக்கொண்டு நடந்த தூரம் அதிகம். அவர்கள் குடியிருக்கும் கோச்சடையில் ஜெயக்கொடி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கார் தள்ளுகிற அக்கா என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள்.

அன்று ஆனையூரில் அவளுடைய தங்கச்சி மகள் ஆர்த்திகாவுக்குக் கல்யாணம். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடித்து, சாப்பிட்டு, பீடாவும் போட்டிருந்தார்.

வீடு திரும்பியதும் ஜெயக்கொடி கத்தவில்லை. அதுதான் அழகுபாண்டிக்குக் கிலியாக இருந்தது.

"எனக்குச் சடவா இருக்குங்க. இனிமே தள்ள முடியாது. கரண்டு கார் வாங்குறோம்."

"அப்ப ஹெரால்டு?"

"நம்ம போர்ட்டிகோவுல ஒரு வண்டிதான் நிக்கும்."

"அதோட இஞ்சின் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசுரு ஓடுது, ஜெயக்கொடி!"

"அது ஓடுற அன்னைக்கு மட்டுந்தான் உங்களுக்கு உசுரு ஓடும்னா, நீங்க செத்து எம்புட்டோ நாளாச்சு."

அழகுபாண்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அலுவலகத்தில் அவரை மதிப்பவர் இல்லை. வீட்டில் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தமுக்கம் மைதானம் பக்கம் பழைய கார்க்காரர்கள் நாலைந்து பேர் கூடும்போது மட்டும்தான், "வாங்கண்ணே, ஹெரால்டு!" என்று எழுந்து நிற்பார்கள். அந்த ஒரு மரியாதையும் போய்விடும் என்றால் அழுகை வராதா? வந்தது. அழுது முடித்ததும் யோசனையும் வந்தது.

நேரே சின்னச்சாமி வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் ஜெயக்கொடியையும் கூட்டிக்கொண்டு போனார்.

ஜோசியர் ஜாதகத்தைப் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார். "அம்மா, உங்களுக்குப் புது வண்டி ஆகவே ஆகாது. இருக்கிற வண்டிதான் யோக வண்டி. அது வீட்ட விட்டுப் போனா லட்சுமி கூடவே போயிரும். அஞ்சாம் இடத்துல கார்புரேட்டர் உச்சமா இருக்கு பாருங்க!"

அழகுபாண்டி இருமினார். கூடுதலாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமோ என்று மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். ஜெயக்கொடி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வண்டி யாரு பேர்ல இருக்கோ, அவங்க சொல்றபடிதான அதப் பாத்துக்கணும் சாமி?"

"பின்னே? நீங்கதானம்மா அதுக்கு எசமானி!"

வீட்டுக்கு வந்ததும், "இம்புட்டு யோகமான வண்டிய இப்பிடி வச்சிருக்கலாமாங்க? பாதுஷா அண்ணன் பட்டறையில விட்டு முழுசாப் பாத்துருவோம்," என்றாள். அழகுபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாகப் பேசியும் மாறாத மனுஷி, ஒரு கார்புரேட்டரில் மாறிவிட்டாளே!

ஹெரால்டு பட்டறைக்குப் போனது. போனதுதான். இவர் போன் அடிப்பார். "கோயமுத்தூர்லருந்து சாமான் வரணும்ணே," என்பார் பாதுஷா. நேரில் போனால் பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, "பெயிண்ட் காயுதுண்ணே, தூசி விழுந்துரும்," என்று டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஒரு பெயிண்ட் காய எத்தனை மாதம் ஆகும் என்று அழகுபாண்டிக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒருவழியாக வண்டி தயார் என்று சேதி வந்தது. எடுத்துவர ஜெயக்கொடியே போனாள். அழகுபாண்டி தமுக்கம் நண்பர்களை எல்லாம் வாசலுக்கு வரவழைத்து, கற்பூரத் தட்டோடு நின்றார்.

"எல்லாரும் கண்ண மூடுங்கப்பா. தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேக்கும். கேட்டுட்டுச் சொல்லுங்க, சங்கீதம்னா என்னன்னு."

மூடினார்கள். காக்கா கத்தியது. எதிர்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. வேறொன்றும் கேட்கவில்லை.

"தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, புதுப் பெயிண்ட்டு," என்று காதருகே ஜெயக்கொடியின் குரல் கேட்டது.

கண் திறந்தார். மூக்குக்கு நேரே ஹெரால்டு. ஸ்டியரிங்கில் ஜெயக்கொடி. பக்கத்து சீட்டில் பாதுஷா, அழகுபாண்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகுபாண்டி தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினார். இஞ்சின் இருந்த இடத்தில் ஒரு மோட்டார். சுற்றிலும் பெட்டி பெட்டியாக பேட்டரி.

"பாய்! என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"எசமானி சொன்னதத்தான்ணே செஞ்சேன். கையெழுத்து, பெர்மிஷன், லைசென்ஸ் எல்லாம் முறையா அக்கா பேர்லயே வாங்கியாச்சு."

"புது வண்டி வாங்கல. பழைய வண்டிய வெளிய அனுப்பல," என்றாள் ஜெயக்கொடி. "ஜோசியர் சொன்னத நான் மீறவே இல்ல. ஜாதகத்துல கார்புரேட்டர் வந்தப்பவே யாரு வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. இருபது வருஷம் தள்ளுனேனே, ஒரு நாளாவது இடுப்பு வலிக்குதான்னு கேட்டீங்களா?"

அழகுபாண்டி கேட்டதில்லைதான். தட்டில் கற்பூரம் அணைந்துபோயிருந்தது. ஆறுதலுக்கு நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார். பழைய ஜீப் வைத்திருக்கும் செல்வக்குமார் பாதுஷாவைத் தனியே ஓரங்கட்டி, "மாப்ள, என் ஜீப்புக்கும் இத மாட்ட முடியுமா? என் வீட்லயும் தள்ள மாட்டேங்குறா," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அழகுபாண்டி தொண்டையைச் செருமினார். "சரி, ஆனது ஆச்சு. என் இஞ்சின் எங்க? அதையாவது குடுங்க."

"அத நான் தூக்கிப் போடுவேனாங்க? உங்க உசுருல்ல? இன்னைக்குக் காலையில நீங்க கற்பூரம் வாங்கப் போனப்பவே ஆள் வச்சுத் தூக்கி உள்ள வச்சாச்சு."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. என்ன இருந்தாலும் பொண்டாட்டி பொண்டாட்டிதான்.

"உள்ள எங்கம்மா?"

"உங்க கட்டில்ல. உங்களுக்கு ஹால்ல பாய் போட்டுருக்கேன்."