போலீஸ் வேனில் இடமில்லை

இனிமேல் வயிற்றுக்கு அடிபணிவதில்லை என்று தோழர் வீரபத்திரன் தீர்மானம் நிறைவேற்றினார். நிறைவேற்றிய இடம் அவர் வீட்டுக் கக்கூஸ். ஆதரவாக ஒரு ஓட்டு. எதிராக ஒரு ஓட்டு. எதிர்த்தது வயிறு. வீட்டோ அதிகாரமும் அதனிடம்தான் இருந்தது.

"ஏங்க, டீ ஆறிப்போச்சு" என்று வெளியிலிருந்து மனைவி ராமலெட்சுமி குரல் கொடுத்தாள்.

"டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்லியிருக்கு."

"பதட்டத்தையும்தான் குறைக்கச் சொல்லுச்சு. அதைக் கேட்டீகளா?"

"பதட்டமா? எனக்கா?" என்று கதவுக்குள்ளிருந்து வீரபத்திரன் கர்ஜித்தார். கர்ஜனை வயிற்றைக் கலக்கியது. மேலும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று.

இது வரலாற்றுத் துரோகம். லத்தியை முதுகில் வாங்கியவர் அவர். தண்டவாளத்தில் ரயிலுக்கு எதிரே படுத்தவர். ரயில்கூட நின்றது. வயிறு நிற்க மறுத்தது. மைக்கைப் பார்த்தால் கலக்கும். மேடையில் தன் பெயரைச் சொன்னால் முறுக்கும். அபிராமம் கூட்டத்தில் "இறுதியாக ஒன்று சொல்வேன்" என்றவர் அந்த ஒன்றைச் சொல்லாமலே இறங்கி ஓடினார். அது என்னவென்று அந்த ஊர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ராமநாதபுரத்து டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார். "குடல்ல புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. மனசு பதறினா உங்க குடலும் சேர்ந்து பதறுது. அவ்வளவுதான்" என்றார்.

அந்த நல்ல செய்தி வீரபத்திரனை நொறுக்கிவிட்டது. புண் என்றால் தியாகம். கட்டி என்றால் அனுதாபம். சங்கத்தில் துண்டேந்தி நிதி வசூலித்திருப்பார்கள். பதட்டம் என்றால் பயம். பயந்தவனுக்கு எந்தச் சங்கம் சுவரொட்டி ஒட்டும்?

"மறைக்காதீங்க. மறைக்க மறைக்கத்தான் கூடும். கூட இருக்கிறவங்ககிட்டச் சொல்லிடுங்க. மூச்சை நிதானமா இழுத்து விடுங்க" என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீரபத்திரன் மூச்சை மட்டும் விட்டார். அதுவும் பெருமூச்சு.

இப்போது அடுத்த சோதனை வந்து நின்றது. ஏர்வாடிக்குப் போகும் கடைசி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பேருந்து நிலையத்தில் ஆர்ப்பாட்டம். கண்டன உரை: தோழர் வீரபத்திரன். நடுவில் இறங்கி ஓடினால் பேர் போய்விடும். வரவில்லை என்றால் அந்த மைக் சங்கத்துத் தோழர் மாரீஸ்வரன் கைக்குப் போய்விடும். அவன் பத்து வருடமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான்.

பேருந்து நிலையத்தில் ஒரு கழிப்பறை உண்டு. கட்டி முடித்த நாளிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. யாராவது பெரிய மனிதர் வந்து திறந்துவைக்க வேண்டுமாம். பெரிய மனிதர்கள் யாருக்கும் இன்னும் அவசரம் வரவில்லை.

"நாளைக்குப் பேசயில அந்தக் கக்கூசையும் ஒரு வார்த்தை சேத்துக்கங்க" என்றாள் ராமலெட்சுமி. அவள் ஊர் மகளிர் குழுவின் தலைவி. "மீன் விக்கிற பொம்பளைக அங்கன தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்குக."

"ஏகாதிபத்தியத்தை எதிர்த்த வாயால கக்கூசைப் பேசச் சொல்றியா?"

"ஏகாதிபத்தியம் எப்பவாச்சும்தான் வரும். இது தெனமும் வரும்."

"கொள்கை வேற, கக்கூஸ் வேற."

"உங்களுக்கு ரெண்டும் ஒரே நேரத்துலதான வருது!"

இப்படிப்பட்ட வர்க்கத்தோடு விவாதம் செய்ய முடியாது. வீரபத்திரன் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அவரிடம் ஒரு திட்டம் இருந்தது.

இந்தப் பக்கத்தில் சாலை மறியல் செய்பவர்களைச் சிறைக்கு அனுப்புவதில்லை. வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள். மதியம் சாம்பார் சாதம், சாயந்திரம் விடுதலை. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கென்றே உட்காரும் கக்கூஸ் உண்டு. குழாயைத் திருகினால் தண்ணீர் வரும். ஒவ்வொரு கைதின்போதும் வீரபத்திரன் அதை நேரில் ஆய்வு செய்தவர். பேச்சுக்கு முன்பே கைதாகிவிட்டால் மைக்கும் இல்லை, கலக்கமும் இல்லை. 'பேசவிடாமல் இழுத்துச் செல்லப்பட்டார்' என்று மறுநாள் செய்தியும் வரும்.

"சார், நாளைக்குக் கோஷம் முடிஞ்சதும் நான் ரோட்டுல உக்காந்துருவேன். உடனே தூக்கிருங்க" என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் கிசுகிசுத்தார்.

"என்னங்கய்யா அவசரம்? நீங்க ஆற அமரப் பேசி முடிங்க. நாங்க பொறுமையா நிக்கிறோம்."

"அடக்குமுறைன்னா ஒரு சுறுசுறுப்பு வேணாமா சார்?"

ஒருவழியாகச் சப்-இன்ஸ்பெக்டரைச் சம்மதிக்க வைத்துவிட்டுத் திரும்பினார். கொடியில் காய்ந்த சேலைக்குப் பின்னால் ராமலெட்சுமி நின்றிருந்தாள்.  துணியை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காதில் விழவில்லை போலும் என்று வீரபத்திரன் சந்தோஷப்பட்டார். கல்யாணமான நாள்முதல் செய்துவரும் அதே தவறு.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்தால் துண்டைக் காணோம்.

"பச்சைக்கோடு போட்ட என் துண்டு எங்கத்தா?"

"வேட்டியில தொடைங்க. போராட்டத்துக்குத்தான போறீக, பொண்ணு பாக்கவா போறீக?"

பேருந்து நிலையத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. செயலாளர் ரிஃபாய் கோஷம் போட்டார். ஒவ்வொரு "வேண்டும்! வேண்டும்!" வரும்போதும் வீரபத்திரனின் வயிறு "வேண்டாம்! வேண்டாம்!" என்றது. கோஷம் முடிந்தது. சட்டென்று பாய்ந்து நடுரோட்டில் உட்கார்ந்தார்.

வேன் வந்தது. சொன்ன வாக்குத் தவறாத போலீஸ். வீரபத்திரன் வேட்டியை மடித்துக்கொண்டு எழுந்தார்.

அதற்குள் ஒரு பெண்கள் படை புகுந்தது. முன்னால் ராமலெட்சுமி. "நாங்களும் மறியல்!" என்று ரோட்டில் உட்காராமலே நேரே வேனில் ஏறினார்கள். மீன்கார ராக்கு கூடையை முதலில் ஏற்றினாள்.

"சார், என் கூடையையும் சேத்துக் கைது பண்ணுங்க. தனியா விட்டா பூனை தூக்கிரும்."

வேன் நிறைந்தது. படியிலும் இடமில்லை.

"சார், எனக்கு?" என்றார் வீரபத்திரன். கல்யாணப் பந்தியில் இலை கிடைக்காதவரின் குரல்.

சப்-இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "எடமில்லைங்கய்யா. பொம்பளைகளை ஏத்தினா பொம்பளைப் போலீஸ் இல்லாம வண்டியை எடுக்க முடியாது. அவுக ராமநாதபுரத்துலருந்து வரணும். இவுகளும் இறங்க மாட்டேங்கிறாக. அதுவரைக்கும் நீங்க பேசிக்கிட்டிருங்களேன்."

வேன் ஜன்னலில் ராமலெட்சுமியின் முகம் தெரிந்தது. ஊர்க் கோயில் திருவிழா பார்ப்பதுபோல் சவுகரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிஃபாய் மைக்கை நீட்டினார். மாரீஸ்வரன் தொண்டையைச் செருமினான். அந்தச் சத்தம் கேட்டதும் வீரபத்திரன் மைக்கைப் பறித்துவிட்டார். பறித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று புரிந்தது.

"தோழர்களே!"

வயிற்றுக்குள் ரயில் புறப்பட்டது. நெற்றியில் வேர்வை ஓடியது. பஸ்ஸைப் பற்றித் தயாரித்து வைத்திருந்த எதுவும் வாய்க்கு வரவில்லை. நாலு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் கடை, ஒரு பக்கம் கூட்டம், ஒரு பக்கம் வேன். இன்னொரு பக்கம் பூட்டிய கதவு.

"அந்தப் பூட்டைப் பாருங்கள்!" என்று கத்தினார். "பஸ் இல்லை என்றால் மனிதன் நடந்து போவான். அது இல்லை என்றால் எங்கே போவான்? திற! நாளைக்கு அல்ல, அடுத்த கூட்டத்தொடரில் அல்ல, இந்த நிமிடம் திற! திறக்காமல் இங்கிருந்து ஓர் அடி நகர மாட்டேன்!"

நகரவும் முடியாது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு உண்மையாக அவர் வாழ்நாளில் பேசியதில்லை. கூட்டம் ஆரவாரமாக வெடித்தது. வேனிலிருந்து பெண்கள் "பூட்டைத் திற!" என்று தகரத்தைத் தட்டினார்கள்.

ராமலெட்சுமி வேனைவிட்டு இறங்கினாள். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள்.

"சார், கழுவிப் பெருக்குற பொறுப்பு எங்க குழுவுக்குத்தான் வந்திருக்கு. சாவி எங்ககிட்டதான். ஒரு பெரிய மனுசர் வந்து தொறக்கணும்னு உத்தரவு. இவரு பெரிய மனுசர்தானே?"

சப்-இன்ஸ்பெக்டர் வீரபத்திரன் முகத்தைப் பார்த்தார். "இப்போதைக்கு இவரைவிட அவசரமான பெரிய மனுசர் யாரும் இல்லைம்மா."

"சாவி உன்கிட்டயா இருந்துச்சு?" என்று வீரபத்திரன் பல்லைக் கடித்தார்.

"போராடாம கெடைச்சா உங்களுக்குப் புடிக்காதுல்ல. அதான்."

வீரபத்திரன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். கதவு திறந்தது. கைதட்டல் கிளம்பியது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

தரை பளிச்சென்று கழுவியிருந்தது. வாளியில் தண்ணீர் தளும்பியது. ஆணியில் பச்சைக்கோடு போட்ட துண்டு தொங்கியது.

வெளியே மைக்கில் ராமலெட்சுமியின் குரல் கேட்டது.

"எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. இவுகளுக்கு மைக்கைக் கண்டாலே வயித்தைக் கலக்கும். மறைக்க வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லுச்சு. அவுக சொல்ல மாட்டாக, நான் சொல்லிட்டேன்."

வீரபத்திரன் சுவரில் சாய்ந்தார். வாழ்நாள் ரகசியம் ஒலிபெருக்கியில் போயிற்று.

"இது எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றது ரிஃபாயின் குரல். "மத்த கூட்டத்துக்கெல்லாம் மேடையைப் பள்ளிவாசல் பக்கத்துலயே ஏன் போடுறோம்? அங்கனதான கக்கூஸ் இருக்கு."

மாரீஸ்வரன்கூட, "நான் பக்கத்துல நிக்கிறதே அண்ணன் பாதியில ஓடினா தொடர்ந்து பேசத்தான்" என்றான்.

"ஏங்க, அவசரமில்லை, நிதானமா வாங்க!" என்றாள் ராமலெட்சுமி, மைக்கிலேயே.

ஊரே வெளியில் மரியாதையாகக் காத்து நின்றது. தாழ்ப்பாள் உறுதியாக இருந்தது. மறைக்க இனி ஒன்றுமில்லை. வீரபத்திரன் உட்கார்ந்தார், மூச்சை இழுத்து விட்டார், மறுபடி இழுத்து விட்டார்.

வரவில்லை.