மூணு நாளுக்கு முடிச்சுக் குடு

"மூக்கு காயாம இவன இங்க கூட்டிட்டு வராதீங்க" என்று பாலர் பள்ளி டீச்சர் வெள்ளிக்கிழமை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்று வயது லாவெருக்கு வலது மூக்கு பச்சையாக ஒழுகியது. நாற்றம் வேறு.

அவன் அம்மா மாகுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வரும் வியாழக்கிழமை கோஃபோரிடுவா ஊரின் பாசிமணிச் சந்தை. அக்ராவிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி அவள் கடைக்குக் கண்ணாடி மணி மாலைகள் எடுக்க வருகிறது. இந்த மூக்கை மடியில் வைத்துக்கொண்டு வியாபாரம் பேசினால் கோஷ்டி எதிர்க்கடைக்கு நடையைக் கட்டிவிடும்.

பக்கத்து வீட்டுக் கோர்க்கோர், தன் மகள் குடித்து மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொண்டுவந்தாள். "காது வலிக்குக் குடுத்தாங்கடி. காதும் மூக்கும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு?"

மாகுவுக்கு நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பையனுக்கு வயிற்றாலே போனது. மூக்கு நிற்கவில்லை.

திங்கள் காலை, மருந்துக்கடைக்காரன் போஃபோ கதவைத் திறக்குமுன் அவள் வாசலில் நின்றாள். "இத விடப் பெரிய மருந்தா குடு."

"டாக்டர் சீட்டு இருக்கா அக்கா?"

"உடம்பு சரியில்லாதது சீட்டுக்கா, பிள்ளைக்கா?"

போஃபோ பெருமூச்சு விட்டு ஒரு பாட்டிலை எடுத்தான். "ஏழு நாள் விடாம குடுக்கணும்."

"ஏழா! என்னப் பாத்தா வெளியூர்க்காரி மாதிரி இருக்கா? ரெண்டு நாள் சொல்லு."

"விலையா இது, பேரம் பேச? சரி, அஞ்சு."

"மூணு நாளுக்கு முடிச்சுக் குடு. முதல் போணி நான்."

போணி என்றதும் போஃபோ மடங்கிவிட்டான்.

லாவெர் மடங்கவில்லை. கரண்டியைக் கண்டதும் வாயைப் பூட்டினான். மருந்தைச் சோளக் கஞ்சியில் கலந்தாள். ஒரு வாய் விழுங்கி, மறு வாயைக் கோத்து வைத்த மாலைகள் மேல் துப்பினான். அன்றிலிருந்து கஞ்சியும் வேண்டாமாம். புதன்கிழமை பிள்ளை கொடியாய்த் துவண்டான். மாகுவுக்குச் சந்தை, கல்யாணம், கோஷ்டி எல்லாம் மறந்துபோனது. அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"என்ன மருந்து குடுத்தீங்க?" என்றாள், அவள் கடைக்கு மணி வாங்க வரும் நர்ஸ்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். வெறும் கஞ்சி."

லாவெர் ஓர் ஏப்பம் விட்டான். அறை முழுக்க ஸ்ட்ராபெரி சிரப் வாசனை.

மாகு இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்தாள். "யாரும் எழுதித் தரல. நானாதான் குடுத்தேன். பிழைச்சுக்குவானா?"

"வயித்துக்கு உப்பு சர்க்கரைத் தண்ணி குடுங்க, சரியாயிடும். இனிமே இந்த வேலை வேண்டாம். நாளைக்குப் பெரிய நோய் வந்தா இந்த மருந்து கேக்காமப் போயிடும்."

பிறகு டார்ச் அடித்து மூக்கைப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு வெடுக்கென்று இழுத்தாள். எடுத்ததைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அக்கா, இந்த நீல மணிக்கா ரெண்டு பாட்டில் மருந்து குடுத்தீங்க? கடையில இதுக்கு ஜோடி இருந்தா எடுத்து வைங்க, எனக்குக் கம்மலுக்கு ஆகும்."